ஹன்னாவின் பேரனும் என் பெண்டாட்டியும்

தை 3, சனி

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் காயில் கம்பிச்சுருள் கருகிவிட்டது. வாசலில் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். மோட்டார் ரிப்பேர் கடையை விற்றுவிட்டாலும் கை மறக்கவில்லை.

கையெல்லாம் கரியாக இருக்கும்போது கார் சத்தம். மச்சினன் தங்கமுத்து கோபியிலிருந்து வந்திருக்கிறான். பின்னால் ஒரு வெள்ளைக்காரன். உள்ளே நுழையும்போதே நிலையில் தலையை இடித்துக்கொண்டான். அவ்வளவு உயரம், அவ்வளவு வெளுப்பு. உரித்த வாழைத்தண்டுதான்.

பெயர் வால்டர். நான் வாழைத்தண்டு என்றே எழுதுவேன். சுருக்கமாக வா.த.

"மாமா, ஒறம்பரை வந்திருக்குதுங்கோ!"

"எந்த ஊருச் சொந்தம்?"

"அமெரிக்காங்க."

"அங்க நாம பொண்ணு குடுத்திருக்கறமா, எடுத்திருக்கறமா?"

"எடுத்தாப்புலதான் தெரியுதுங்க!"

கேலி என்றுதான் நினைத்தேன். இல்லை. வா.த.வின் அப்பாவைப் பெற்றவள் ஹன்னா என்று ஒருத்தி. கலியாணத்துக்கு முந்தி, பள்ளிக்கூடம் நடத்தக் கோபிப் பக்கம் வந்து, என் மாமனார் ஊரில் சில வருடம் இருந்தாளாம். அவள் கதையைத் தேடித்தான் இவன் வந்திருக்கிறான். கையில் பழைய போட்டோ. ஹன்னா பட்டுச்சேலை கட்டி, கழுத்து நிறைய நகை போட்டு, தலை நிறையப் பூ வைத்து நிற்கிறாள். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஆள். இரண்டு பேரையும் சேர்த்து ஒரு சேலை. அந்த ஆளின் மூக்கைப் பார்த்தால் போதும். தங்கமுத்து மூக்கு, சரசு மூக்கு. என் பெண்டாட்டி சரசுவின் அப்பாரு. அவள் அப்பாவைப் பெற்றவர்.

வா.த. போட்ட கணக்கு: ஹன்னா இந்த அப்பாருவை ரகசியமாகக் கட்டிக்கொண்டாள். பிறகு ஊருக்குத் திரும்பி அங்கே ஒருத்தனைக் கட்டினாள். ஆகவே இது பாட்டியின் முதல் புருசன் வீடு. அப்படிப் பார்த்தால் சரசுவுக்கு இவன் அண்ணன் முறை.

சரசு போட்டோவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு அண்ணனே இல்லீன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். கண்ணில் தண்ணீர். எழுபது வயதில் அண்ணன் கிடைத்துவிட்டான்.

மேல்வீட்டில் இருக்கும் மகள் கவிதாதான் இங்கிலீசை மாற்றிச் சொல்கிறாள். மாடி அறையில் தங்கச் சொல்லியாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

மோட்டாரை மூடவில்லை. நாளைக்கு.

தை 4, ஞாயிறு

மோட்டார் முடிந்தது. தண்ணீர் ஏறுகிறது. யாரும் பாராட்டவில்லை.

காலைச் சோறு: பொங்கல். வா.த. தட்டில் நெய் குளம். என் தட்டில் துளி இல்லை.

"அம்மிணி, எனக்கு நெய்யி?"

"உங்களுக்கு கொழுப்பு எச்சா இருக்குதுன்னு டாக்டர் சொல்லலீங்களா?"

"அவனுக்கு?"

"அண்ணனுக்கு ஒண்ணுமே இல்லீங்களாம். மாத்திரையே போடறதில்லீங்களாம்."

பெருமையாகச் சொல்கிறாள், அவள் பெற்று வளர்த்த மாதிரி.

மீதம் இருந்த பொங்கல் கரும்பை எடுத்து வா.த. கடித்தான். சடசடவென்று. எல்லாம் சொந்தப் பல். நான் பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

மத்தியானம் ஹன்னா கதை. கவிதா சொல்லச் சொல்லச் சரசு கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நானும் கேட்டேன், பேப்பர் படிக்கிற மாதிரி.

ஹன்னாவைப் பெற்றவர்கள் அந்தச் சீமையில் முதல் முதலாகக் குடியேறிப் புல்லுக்காட்டைத் திருத்தியவர்களாம். மாட்டுவண்டிக்கு மேல் துணி போர்த்தி, மாதக்கணக்கில் பயணம். கண்ணுக்கு எட்டிய வரை புல்லுத்தான், ஒரு மரம் கிடையாது. மரம் இல்லாததால் வேரும் மண்ணுமாகப் புல்லையே கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு. மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டுமாம். அடுப்பெரிக்க விறகில்லை, காய்ந்த சாணிதான்.

"நம்மூட்டு எருமுட்டி!" என்று சரசு கை தட்டினாள். "பாருங்கோ, அவிகளும் நம்மளாட்டத்தான்!"

ஒரு வருடம் வெட்டுக்கிளி வந்து விளைச்சலையும் கொடியில் காயப்போட்ட துணியையும் தின்றுவிட்டுப் போனதாம்.

ஹன்னாவுக்கு ஒரே அண்ணன். சின்னப் பையன். ஒருநாள் மாட்டுக்கொட்டகைக்குப் போனவன் திரும்பும்போது பனிப்புயல். கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையில் கூப்பிடு தூரந்தான். வழி தெரியவில்லை. பனி உருகின பிறகுதான் பையன் கிடைத்தானாம், வைக்கோல் போருக்குப் பக்கத்தில்.

நான் பேப்பரைத் திருப்பினேன்.

பிறகு வா.த. ஏதோ சொன்னான், "தேங்க்யூங்க" என்று முடித்தான். நம்ம ஊர் மரியாதையை ஒரே நாளில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போடுகிறான். சரசு விழுந்து விழுந்து சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்தச் சிரிப்பு என்னுடையது. ஐம்பது வருடமாக நான் தேடித் தேடி வரவழைப்பது. இவன் ஒரு 'ங்க' போட்டு வாங்கிவிட்டான்.

தை 6, செவ்வாய்

மேகமூட்டம். முழங்கால் வலி.

வா.த.விடம் இருப்பவை, என்னிடம் இல்லாதவை:
பல்.
முடி (வெள்ளைதான், ஆனால் இருக்கிறது).
நெய்.
என் சாய்வு நாற்காலி. நேற்றிலிருந்து அவன்தான் அதில் உட்காருகிறான். சரசுதான் காட்டிவிட்டாள்.

காலையில் சரசு அரப்புப் பொடியை எடுத்துக்கொண்டு போகிறாள். "எதுக்கு?" என்றேன். "அண்ணனுக்கு தலைக்கு வெக்கறதுக்குங்க." எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல்லிக்கொடுக்கிறாளாம். என் தலைக்கு அவள் எண்ணெய் வைத்தது எப்போது? தலையில் முடி இருந்தபோது.

"அம்மிணி, உன்ற அண்ணன் ஊருக்குப் போறப்ப நீயும் பொட்டியில உக்காந்துக்க" என்றேன்.

"எடம் இருந்தா உக்காந்துக்கறேனுங்க" என்று போய்விட்டாள். முன்பெல்லாம் ஒரு கேலிக்கு இரண்டு திருப்பிக் கொடுப்பாள். இப்போது நேரமில்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் காந்திபுரம் போய்விட்டார்கள், கவிதாவோடு. அவனுக்கு வேட்டி எடுக்க. மேசைமேல் அந்தப் போட்டோ. வீட்டில் நான் மட்டும்.

காயில் கம்பி பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஏதோ தப்பாகப் பட்டுக்கொண்டே இருந்தது முதல் நாளிலிருந்து. ரொம்ப நேரம் பார்த்தேன்.

ஒன்று: ஹன்னா கழுத்தில் நகை எல்லாம் இருக்கிறது, தாலி இல்லை. சரி, கட்டுவதற்கு முந்தி எடுத்திருக்கலாம்.

இரண்டு: சேலையின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை இவள் கையில். 

மூன்று: ஹன்னா இடுப்பில் ஏதோ வளைவாக, போட்டோவின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு. கூடை. மூடி போட்ட பேழைக்கூடை!

கலியாணப் பெண் எந்த ஊரில் கூடை தூக்கினாள்? என் கலியாணத்தில் என் தங்கச்சி தூக்கினாள். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளைப் பெண் மாதிரியே சோடித்து, கூடையைக் கொடுத்து, சேலையால் அண்ணனோடு சேர்த்து நிறுத்துவோமே, அது இது.

இது கலியாணமே இல்லை. இணைச்சீர்.

ஹன்னா பெண்டாட்டி இல்லை. தங்கச்சிக்குப் பதிலாக நின்றிருக்கிறாள். வா.த. அண்ணனும் கிடையாது, ஒன்றும் கிடையாது!

தனியாகச் சிரித்தேன். அவர்கள் வந்தபோது வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் சொன்னால்தான் ருசி.

தை 8, வியாழன்

எல்லோரும் கோபிப் பக்கம், தங்கமுத்து வீட்டுக்கு. நெல் வயலில் அறுப்பு மிஷின் ஓடுகிறது. நல்ல காற்று.

வா.த. வந்ததும் வராததுமாகத் தங்கமுத்து வீட்டு மாட்டைத் தட்டிக் கொடுத்து, உட்கார்ந்து பால் கறந்துவிட்டான். சொந்த ஊரில் மாடு வைத்திருந்தவனாம். யாரையும் பக்கத்தில் விடாத மாடு. அதுவும் காலைத் தூக்காமல் நின்றது. மாட்டுக்குக்கூட அவனைப் பிடித்துவிட்டது.

மத்தியானம் இலை போட்டு அரிசிம்பருப்புச் சோறு. ஒறம்பரை எல்லாம் வந்துவிட்டது. தங்கமுத்து, அவன் பெண்டாட்டி, பங்காளி வீட்டார், அக்கம் பக்கம். எல்லோரும் வெள்ளைக்கார அண்ணனைப் பார்க்க. மோர் ஊற்றும் சமயம் பார்த்து ஆரம்பித்தேன்.

"ஏனுங்க தங்கமுத்து, கலியாணப் பொண்ணு பேழைக்கூடை தூக்குவாளுங்களா?"

"எதுக்குங்க மாமா தூக்கறா? அது இணைச்சீர்காரியாச்சே."

"அப்ப இதென்ன?" பூதக்கண்ணாடியையும் போட்டோவையும் நீட்டினேன்.

ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். தங்கமுத்து பெண்டாட்டி வாயில் கை வைத்தாள். ஒரு பெரியவர், "ஆமாங்கோ, கூடையேதானுங்கோ" என்றார்.

தங்கமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டான். "அப்பா சொல்லுவாருங்க மாமா! அப்பாரு கலியாணத்துக்குப் பங்காளிக ஒருத்தரும் வரலீன்னு. வரப்பு வழக்குல சண்டை. கூடப்பொறந்தது கிடையாது. இணைச்சீருக்கு நிக்க ஒரு பொம்பள இல்லாம கலியாணமே நிக்கறதுக்கு ஆச்சுன்னு சொல்லுவாரு. அப்பறம் யாரு நின்னாங்கறது மட்டும் சொல்ல மாட்டாரு."

கவிதா வா.த.வுக்குச் சொன்னாள். முகம் சுருங்கிவிட்டது. அந்த நிமிடம் என் சோற்றில் நெய் இல்லாவிட்டாலும் நெய் மணந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

"அப்ப அண்ணன் இல்லீங்களா?" என்று சரசு, சின்னக் குரலில்.

"இல்லியே அம்மிணி. ஒண்ணுமே இல்லை" என்றேன். எவ்வளவு மரியாதையாக!

தங்கமுத்து கொஞ்சம் யோசித்தான். விரலை மடக்கினான். நிமிர்ந்தான்.

"ஒண்ணுமில்லாம எப்படீங்க மாமா? இணைச்சீருக்கு நின்னவ கூடப்பொறந்தவதானுங்களே. அப்ப ஹன்னா எங்களுக்கு அப்பாருகூடப் பொறந்தவ. அவ பையன் எங்கப்பனுக்கு அத்தை பையன், எங்களுக்கு மாமன். அந்த மாமன் பையன் இவரு." தொடையில் அடித்தான். "அண்ணன் இல்லீங்க. அக்காளுக்கு முறை மாப்பிள்ளை!"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

"உங்களுக்குத் தம்பி முறையாகுதுங்கோ மாமா, பாத்துக்குங்கோ!"

கவிதாகூடச் சிரிக்கிறாள். நான் பெற்றவள். வா.த.வுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் முகம் சிவந்து, எழுந்து சரசுவைப் பார்த்துக் கும்பிட்டான்.

சரசு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ஓடினாள். முழங்கால் வலி என்று படி ஏறாதவள்.

அண்ணனாக இருந்தவனை நானே, என் பூதக்கண்ணாடியை வைத்து, கூட்டத்தைக் கூட்டி, முறை மாப்பிள்ளை ஆக்கிவிட்டேன்.

தை 9, வெள்ளி

கோவை திரும்பியாகிவிட்டது. நாங்கள் வருவதற்கு முன்னால் செய்தி வந்துவிட்டது.

பால்காரன்: "ஏனுங்க, ஊட்டுல முறை மாப்பிள்ளை தங்கியிருக்காராமா? பால் சேத்தி ஊத்தட்டுங்களா?"

டீக்கடையில்: "வாங்கோ, வாங்கோ. பத்திரமா வந்தீங்களா? ஊட்டுல ஆளைத் தனியா உட்டுப்போட்டு வந்துட்டீங்களே!"

இந்தத் தெருவில் நான் கேலி பண்ணாத ஆள் கிடையாது. எல்லோரும் இத்தனை வருடம் காத்திருந்த மாதிரி வசூல் பண்ணுகிறார்கள். சிரித்துக்கொண்டேதான் டீ குடித்தேன். நாக்கு சுட்டுவிட்டது.

வீட்டில் இன்னொரு கூத்து. சரசு அவனை இனி அண்ணா என்று கூப்பிட முடியாது. பெயர் சொல்லவும் கூச்சம். சமையலறையிலிருந்து "ஏனுங்க!" என்று குரல். நான் எழுந்தேன். கூடத்திலிருந்து அவனும் எழுந்து வந்தான். இரண்டு கிழவர்களும் வாசப்படியில் நின்றோம்.

"யாரைக் கூப்பிட்ட?" என்றேன்.

"அவரைத்தானுங்க. காப்பி ஆறுது."

போய்ப் பேப்பரை எடுத்தேன். ஒரு எழுத்தும் ஏறவில்லை.

தை 11, ஞாயிறு

வெயில். நான் குளிக்கவில்லை, கேட்பாரில்லை.

இன்று வா.த. ஒன்று கேட்டான். ஹன்னா வேறு ஊர்க்காரி, வேறு சாமி, பள்ளிக்கூடம் நடத்த வந்தவள். அவளை அனுப்பிய ஆட்களுக்குத் தெரிந்தால் வேலை போகும். போயிருக்கிறது போல, அந்தக் கலியாணம் முடிந்து சீக்கிரமே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பின்னே ஏன் நின்றாள்? வருடக்கணக்காகத் தேடியும் அது மட்டும் தெரியவில்லை என்றான்.

நானும் யோசித்தேன். கேலியாகத்தான் ஏதாவது வந்தது. சொல்லவில்லை.

சரசு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, நிமிராமல் சொன்னாள்: "அப்பாருக்குத் தங்கச்சி இல்லை. அவளுக்கு அண்ணன் இல்லை. பனியில போயிட்டான். வேறென்ன வேணுமாமா?"

கவிதா அதை மாற்றிச் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆனது. சொன்ன பிறகு வா.த. அழுதான். அவ்வளவு பெரிய ஆள், என் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டை எடுக்காமல். சரசு கீரையை வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அந்த நிமிடம் எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. சரசுமேல்தான் ஆச்சரியம். ஐம்பது வருடம் பக்கத்தில் இருந்திருக்கிறேன். இப்படி ஒன்று அவளிடமிருந்து வரும் என்று தெரியாது. அவனுக்காக வந்தது. அதுதான் குத்துகிறது.

அதோடு முடிந்ததா? இல்லை. ஆனியில் வா.த.வின் பேத்திக்குக் கலியாணமாம். அந்தப் புல்லுவீடு இருந்த இடத்திலேயே, சோளக்காட்டுக்கு நடுவில். எல்லோரும் வாருங்கள் என்றான்.

சரசு உடனே போனில் தம்பியிடம்: "தங்கமுத்து, ஹன்னா கூடப்பொறந்தவன்னா, அவ பிள்ளைகளுக்கு நம்ம ஊடுதான் தாய்மாமன் ஊடு. ஒரு தலைமுறைக்கும் சீர் போகலியே. ஒருக்காவாச்சும் கொண்டுபோய் வெக்கோணும்." தங்கமுத்துவுக்குக் குஷி. "போலாமுங்க அக்கா! நானே தலப்பாக் கட்டு எடுத்துக்கறேன்."

வா.த. என்னையும் பார்த்து, "நீங்களுங்க" என்றான்.

இந்த இடத்தில்தான் கெடுத்தேன். காலை ஆட்டிக்கொண்டு சொன்னேன்: "நான் எதுக்குங்க? சீர் கொண்டுபோறது பொறந்த ஊட்டுக்காரங்க. பொண்ணைக் கட்டுன மாப்பிள்ளைக்கு அங்க என்ன வேலை? கூப்புட்டாலும் நான் வரமாட்டேன்."

நான் நினைத்தது: சரசு பதறுவாள். நீங்க வரலீன்னா நானும் போகலீங்க என்பாள். ஐம்பது வருடம் அப்படித்தான். நான் வராத கலியாணத்துக்கு உடுமலைப்பேட்டைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை.

சரசு சொன்னது: "சரீங்க. அப்ப நானும் தங்கமுத்துவும் போயிட்டு வாரோமுங்க."

அவ்வளவுதான். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தை 13, செவ்வாய்

வா.த. கிளம்பினான். நான்தான் பெட்டியைக் காரில் வைத்தேன், சீக்கிரம் போகட்டும் என்று. என்னைக் கட்டிப்பிடித்தான். அரப்பு வாசம்.

என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் உட்கார்ந்து துணி தொங்கிவிட்டது. எனக்குக் கால் தரைக்கு எட்டவில்லை.

பங்குனி 12, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. இரண்டு மாதம் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது. சரசு தினமும் வா.த.வோடு போனில் பேசுகிறாள், முகம் பார்த்துக்கொண்டே. அவனுக்குத் தமிழ் வருகிறது. இவளுக்கு இங்கிலீஷ் வருகிறது. நேற்று என்னிடம் "குட் மார்னிங்க" என்றாள்.

அடுத்த மாதம் சென்னையில் விசா கேட்கிற நாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் அழகாக இருக்கிறாள். முறைத்துக்கொண்டு.

காலையில் நடைக்குப் போகிற மாதிரிப் போய் முனியப்பன் கோயிலில் நின்றேன். விசா கிடைக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் ஒரு சேவல்.

பூசாரி திருநீறு கொடுத்துக்கொண்டே, "என்ன மாமா, விசா விசயமுங்களா?" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மிணி நேத்துத்தான் வேண்டிக்கிட்டுப் போனாங்க. கிடைச்சா சேவல்னு. நீங்களும் அதேதானுங்களா?"

"அதேதான்" என்றேன்.

"பொருத்தமுன்னா இதான் பொருத்தம்" என்று கும்பிட்டான்.

முனியப்பனுக்கு எப்படியும் சேவல் உண்டு. அவனுக்கு என்ன கவலை.

சித்திரை 16, புதன்

விசா வந்துவிட்டது. இரண்டு பேருக்கும்.

தங்கமுத்து போன்: "மாமா, கேட்டீங்களா! ஒரே கேள்விதானுங்க. எதுக்குப் போறீங்கன்னு கேட்டாங்க. சீர் வெக்கன்னு அக்கா சொல்லிச்சு. போங்கன்னுட்டாங்க."

மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

சேவலுக்கு நான்தான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவளுடைய வேண்டுதல் கணக்கில்.

வைகாசி 10, ஞாயிறு

வீடு முழுக்கச் சீர்ச் சாமான். பட்டுச்சேலை. குங்குமம். மஞ்சள். வெல்லம். தேங்காய் கொண்டுபோகலாமா என்று இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் வெள்ளியில் ஒரு தேங்காய் வாங்கிவிட்டார்கள்.

சரசு பேசிப் பழகுகிறாள். கண்ணாடி முன்னால் நின்று, "வீ ஆர் ஹன்னா'ஸ் பிரதர் ஹவுஸ்." கவிதா சொல்லிக்கொடுத்தது. திரும்பத் திரும்ப. 

கேலி பண்ண வாயெடுத்தேன். கண்ணாடியில் அவள் முகம். வாசலுக்கு வந்துவிட்டேன்.

டீக்கடையில்: "அம்மிணி திரும்பி வருவாங்களா மாமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு ரோட்டோரமாக நடந்து வரும்போது அதே கேள்விதான், சிரிப்பு இல்லாமல்.

வருவாள். ஒரு மாதந்தான். டிக்கெட்டில் போட்டிருக்கிறது. ஆனால் எந்தச் சரசு வருவாள்? பேழைக்கூடையும் இங்கிலீசும் சோளக்காடும் பார்த்துவிட்டு வந்து, என் மொக்கைக் கேலிக்குச் சிரிப்பாளா?

வைகாசி 16, சனி

நாளைக்குப் பயணம். காலையிலிருந்து புழுக்கம். காற்று இல்லை.

தங்கமுத்து மத்தியானமே வந்து மாடியில் தூங்குகிறான். பெட்டிகள் கூடத்தில். சரசு கடைசிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் முக்காலியில்.

எதையாவது சொல்ல வேண்டும். நாலு மாதமாகத் தள்ளிப்போட்டது. கேலியாகச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தேன்.

"அம்மிணி. எனக்குப் பொறாமையா இருக்குது. போகாத."

சரசு நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. பெட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "கவிதா, இங்க வா, உங்கப்பன் சொல்றதைக் கேளு! பொறாமையாமா!" மேலே பார்த்துக் கத்தினாள். கவிதா இல்லை, கடைக்குப் போயிருந்தாள்.

வா.த.வுக்குச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. நாலு மாதமாக நான் கேட்டது. வந்ததும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நான் சிரிக்கவில்லை.

அவளும் மெல்ல நிறுத்தினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். 

"நெசமாலுமா?"

"நெசமாத்தான்."

"அந்த வெள்ளைக்காரனைப் பாத்தா?"

"ஆமா."

கீழே உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில், தரையில். கொஞ்ச நேரம் ஒரு சேலையை மடித்து, பிரித்து, மடித்தாள்.

"நாப்பது அம்பது வருசம். எவனைப் பத்திச் சொன்னாலும் கேலி. நான் எங்க போனாலும் கேலி. பொறந்த ஊட்டுல பத்து நாள் இருந்துட்டு வந்தா, எதுக்குடி வந்தேன்னு கேலி. இந்த ஆளுக்கு நாம இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு நெனச்சிருக்கேனுங்க."

"அது சும்மா, அம்மிணி."

"சும்மான்னு எனக்கு எப்படித் தெரியுமுங்க?"

தெரிந்த கேலி எல்லாம் தீர்ந்துவிட்டது.

"சொன்னீங்களே, இன்னைக்காச்சும்." சிரித்தாள், இது வேறு சிரிப்பு, சத்தமே இல்லாதது. கன்னம் சிவந்துவிட்டது. கோபியில் முந்தானையால் மூடிக்கொண்டு ஓடினாளே, அந்த நிறம். இந்த முறை ஓடவில்லை.

"அப்ப போகலியா?" என்றேன்.

"போகாம? சீர் போகோணுமுங்க. போயிட்டுத்தான் வருவேன்."

அவ்வளவுதான். விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுப்பாள் என்று நானும் நினைக்கவில்லை, பாதிதான் நினைத்தேன்.

பிறகு காந்திபுரத்தில் புதிதாக வாங்கிய ஸ்வெட்டரை எடுத்தாள். விமானத்தில் குளிரும் என்று கவிதா வாங்கிக் கொடுத்தது. கம்பளி, முழுக்கை, அரக்கு நிறம். என்னிடம் நீட்டினாள்.

"போட்டுக்குங்க."

"நானா? இந்தப் புழுக்கத்துலயா? எனக்கு எதுக்கு?"

"போட்டுக்குங்கன்னா. பொழுது சாயற வரைக்கும் போட்டிருங்க. அங்க போயி நான் எடுத்துப் போடறப்ப கடைத்துணி வாசம் வரக்கூடாது."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

போட்டுக்கொண்டேன். கை கொஞ்சம் குட்டை. கழுத்தெல்லாம் அரிக்கிறது. முதுகில் வேர்வை ஓடுகிறது. தங்கமுத்து இறங்கி வந்து பார்த்து, "என்னங்க மாமா, குளிர் காய்ச்சலா?" என்றான். ஆமாம் என்றேன். மின்விசிறியைப் போடப் போனான். போடாதே என்று தடுத்தேன். வேர்வை காய்ந்துவிடக் கூடாது.